குளிர்விப்பு நீர் அமைப்பில் நாசவேலை என்ற ஐயம்: விசாரணை எப்படி நடக்கிறது?

கேள்வி

அணுமின் நிலையமொன்றில் குளிர்விப்பு நீரின் ஓட்டம் குறைகிறது. சென்று பார்த்தால், திறந்திருக்க வேண்டிய வால்வு மூடிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது மறதியா, பழுதா, வேண்டுமென்றே செய்ததா என்பதை எப்படிப் பிரித்தறிகிறார்கள்? "நாசவேலையா?" என்ற தலைப்பு மறுநாளே செய்திகளில் வந்துவிடுகிறது, விசாரணையின் முடிவு மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்த இடத்தைக் கொலை நடந்த வீட்டைப் போலப் பூட்டி முத்திரையிட முடியாது. உலையை நிறுத்திய கணத்திலும் முழுத்திறனில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு வெப்பம் எரிபொருளில் தொடர்ந்து உண்டாகிறது. அது மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்லத்தான் தணியும். ஆகவே தடயத்தைவிட நீரோட்டமே முக்கியம். வால்வைத் திறக்கச் செல்பவர், திறப்பதற்கு முன் அது இருந்த நிலை, பூட்டும் சங்கிலியும் இருந்த விதம், அதில் தொங்கிய பராமரிப்பு அட்டையின் எண் ஆகியவற்றை இன்னொருவர் முன்னிலையில் படமெடுத்துக் குறித்துவைத்தால், பிற்பாடு நடக்கும் விசாரணைக்கு அதுவே பெரிய உதவி.

அடுத்தது பதிவுகள். ஓட்டம், அழுத்தம், பம்பு மோட்டாரின் மின்னோட்டம் ஆகியவற்றின் வரைகோடுகள் நிறையவே பேசும். ஓட்டம் பல மணி நேரமாகச் சிறிது சிறிதாகச் சரிந்திருந்தால் சல்லடை அடைப்பையோ குழாய்க்குள் படிந்த படிவையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். படியிறங்கியது போலச் சட்டென்று விழுந்திருந்தால் வால்வையோ பம்பையோ பார்க்க வேண்டும். மோட்டாரால் இயங்கும் வால்வாக இருந்தால், மூடும் ஆணை எங்கிருந்து வந்தது என்பதும் பதிவாகியிருக்கும். கையால் சுழற்றும் வால்வுக்கு அப்படியொரு பதிவு இல்லை. விளைவிலிருந்துதான் நேரத்தைக் கணிக்க வேண்டும். இப்படி நேரத்தைக் குறுக்கிய பிறகே, அப்போது யாருடைய அடையாள அட்டை எந்தக் கதவைத் திறந்தது என்று பார்ப்பது முறை. ஆள்களின் பட்டியலிலிருந்து தொடங்கினால், தரவுகளை அந்த ஆளுக்கு ஏற்ப வாசிக்கும் பழக்கம் வந்துவிடும்.

இதில் எளிதாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. கதவுப் பதிவின் கடிகாரமும் நிலையக் கணினியின் கடிகாரமும் சில நிமிடங்கள் முன்பின்னாக இருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் விட்டால் தொடர்பே இல்லாத ஒருவர் சிக்கிக்கொள்வார்.

பதில் 2

மூடிக் கிடந்த வால்வு என்றதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலைய விபத்துதான். 1979 மார்ச் 28 அன்று, நீராவி உற்பத்திக் கலன்களுக்கு அவசர ஊட்டுநீர் செல்லும் வழியில் இரு வால்வுகள் மூடியிருந்தது சுமார் 8 நிமிடங்களுக்குப் பிறகே தெரியவந்தது. அவற்றின் நிலையைக் காட்டும் விளக்குகளில் ஒன்றைப் பராமரிப்பு அட்டை மறைத்திருந்தது. இரு நாள்களுக்கு முன் நடந்த சோதனையின்போது அவை மூடப்பட்டிருந்தன. பின்னர் திறக்காமல் விடப்பட்டனவா என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. ஆகவே, மூடியிருந்தது என்ற உண்மையிலிருந்து தீய நோக்கத்துக்குத் தாவக்கூடாது. முந்தைய சில நாள்களின் பணி அனுமதிச் சீட்டுகளையும் ஷிஃப்ட் ஒப்படைப்புக் குறிப்புகளையும் வரிவரியாகப் படித்து முடித்த பிறகே அடுத்த ஐயத்துக்குப் போக வேண்டும்.

இயற்கையையும் மறக்க வேண்டாம். 2009 டிசம்பரில் பிரான்சின் குருவாஸ் நிலையத்தில் ரோன் ஆற்றுத் தாவரக் குப்பையும், 2011 ஜூனில் ஸ்காட்லாந்தின் டோர்னெஸ் நிலையத்தில் சொறிமீன் (ஜெல்லிமீன்) கூட்டமும் நீர் உள்வாங்கும் வழியை அடைத்தன.

பதில் 3

மேலே சொன்னவை சரியே. ஆனால் "மனிதத் தவறு" என்று கோப்பை அவசரமாக மூடுவதும் ஆபத்துதான். பெல்ஜியத்தின் டோயல் 4 உலையில் 2014 ஆகஸ்டில், தீ விபத்தின்போது எண்ணெயை விரைவாக வெளியேற்றுவதற்கென இருந்த வால்வு திறக்கப்பட்டு, டர்பைனின் மசகெண்ணெய் ஏறத்தாழ 65,000 லிட்டர் வடிந்துபோனது. உலை தானாக நின்றுவிட்டது. டர்பைன் பெரிதும் சேதமடைந்ததால் அவ்வாண்டு டிசம்பர் வரை மின்னுற்பத்தி இல்லை. அது குளிர்விப்பு நீர் அல்ல, அணுசக்திப் பகுதியும் அல்ல. எனினும் பாடம் இங்கும் பொருந்தும். அதை வேண்டுமென்றே செய்த செயலாகவே விசாரித்தார்கள். அதன் பின்னர் கூடுதல் கேமராக்களும், முக்கியப் பகுதிகளில் எவரும் தனியாகச் செல்லக்கூடாது என்ற விதியும் வந்தன.

கேள்வி கேட்டவர்

விளக்கங்களுக்கு நன்றி. அட்டைப் பதிவு உள்ளே சென்றவரைக் காட்டும்; வால்வைச் சுழற்றியவரைக் காட்டாதே?

பதில் 1

காட்டாது. அங்கே பணியாளர்களின் வாக்குமூலம்தான் மிஞ்சுகிறது, சிக்கலும் அங்கேதான். தொழில்நுட்பக் குழுவின் முன் ஒருவர் "நான்தான் திறக்க மறந்தேன்" என்று சொல்ல வேண்டுமானால், அதற்காகத் தண்டிக்கப்படமாட்டோம் என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். காவல்துறை பக்கத்தில் அமர்ந்திருந்தால் அவர் வாய் திறக்கமாட்டார். அதனால் காரணத்தைத் தேடும் விசாரணையையும் குற்ற விசாரணையையும் தனித்தனிக் குழுக்கள் நடத்துவதே நல்லது. கருவிப் பதிவுகளின் நகல் இரண்டுக்கும் போகலாம். வாக்குமூலங்கள் போகக்கூடாது என்பது என் கருத்து. நாசவேலைக்கான உறுதியான அறிகுறி கிடைத்தால் இந்த எல்லையை எங்கே தளர்த்துவது என்பதையும் சம்பவத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும்.