என்விடியாவின் 50 வரிசை கிராபிக்ஸ் அட்டைகள் வரும் வேளையில் ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கலாமா, 5060 வரும்வரை பொறுக்க வேண்டுமா?

உவர்மலை வரைஞன் (2025 ஜனவரி 12):
வணக்கம். நான் திருகோணமலையில் வீட்டு வரைபடங்களும் அவற்றின் உட்புறத் தோற்றப் படங்களும் செய்து கொடுத்து வருகிறேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், அதிலுள்ள சைக்கிள்ஸ் மூலம் காட்சியை இறுதிப் படமாக்கும்போது (ரெண்டர்), என்னிடமுள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அட்டையின் 4 ஜிபி நினைவகம் நிறைந்துவிட, நினைவகம் போதவில்லை என்ற செய்தியுடன் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. சோபா, திரைச்சீலை, தரை ஓடு என்று டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) சேரச்சேர இது அடிக்கடி நிகழ்கிறது. அட்டையை விட்டுக் கணினியின் செயலியான சிபியுவில் ஓடவிட்டால் ஒரு படத்துக்கே விடிந்துவிடுகிறது.

கணினியில் ரைசன் 5 3600, பி450 மதர்போட், 16 ஜிபி ரேம், 550 வாட் பவர் சப்ளை ஆகியன உள்ளன, திரை 1080பி. ஓய்வு வேளையில் சிறிது விளையாட்டும் உண்டு. சுமார் 1,20,000 ரூபாவுக்குள் 4060 வாங்க எண்ணியிருந்தேன். ஆனால் இம்மாதம் 6ஆம் திகதி லாஸ் வேகாசில் என்விடியா 50 வரிசையை அறிவித்துவிட்டது. இப்போது வாங்கினால் சில மாதங்களில் வருந்த நேருமோ என்ற தயக்கம் ஏற்பட்டுள்ளது.

பாலையூற்று:
தம்பி, அன்று அறிவிக்கப்பட்ட மேசைக்கணினி அட்டைகள் 5090, 5080, 5070 டிஐ, 5070 ஆகியவை மாத்திரமே. அவற்றில் மலிவான 5070இன் விலையே 549 டொலர். 5060 பற்றி ஒரு சொல்லும் இல்லை. முந்தைய வரிசைகளைப் பார்த்தால், 3080 வந்தது 2020 செப்டம்பரில், 3060 வந்தது 2021 பெப்ரவரியில். 4090 வந்தது 2022 அக்டோபரில், 4060 வந்தது 2023 ஜூன் இறுதியில். அதே நடை தொடருமானால் இவ்வாண்டின் நடுப்பகுதிக்கு முன் 5060ஐ எதிர்பார்ப்பது கடினம், அதுவும் வெளிநாட்டுச் சந்தையில்.

விலையையும் எண்ணிப் பாருங்கள். 4060 போல 299 டொலருக்கே அது வந்தாலும், டொலர் 295 ரூபா அளவில் நிற்கும் இன்றைய நிலையில் அது 88,000 ரூபா. அதன்மேல் 18 வீத வற் வரி சேர்ந்தால் 1,04,000 ரூபாவைத் தொடும். இறக்குமதியாளர், கடைக்காரர் ஆகியோரின் இலாபம் இதில் இல்லை. புதிதாக வரும் அட்டைக்கு முதல் சில மாதங்கள் கேட்கும் மேலதிக விலையும் இதில் இல்லை. ஆறேழு மாதம் இரவிரவாக ரெண்டர் ஓட்டிக் காத்திருப்பதற்கு இது தகுந்த பலனாக எனக்குத் தோன்றவில்லை.

என்.சி. வீதி:
காத்திருக்க வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் 4060ஐயும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுடைய சிக்கல் வேகம் அன்று, நினைவகம். 4060இல் இருப்பது 8 ஜிபி. 2021இல் வந்த 3060இல் 12 ஜிபி. ரெண்டராகும் காட்சி முழுதும் அட்டையின் நினைவகத்துக்குள் அடங்கும்வரை 4060 சற்று விரைவாக முடிக்கும் என்பது உண்மைதான். அடங்காமற் போகும்போது தரவு கணினியின் ரேமிலிருந்து வரவேண்டும். அட்டைக்கும் மதர்போட்டுக்கும் இடையே தரவு கடத்தும் பிசிஐஇ இணைப்பில் 4060 எட்டு தடங்களில் மட்டுமே இணைகிறது. உங்கள் பி450 பலகையோ பிசிஐஇ 3.0 தலைமுறையைச் சேர்ந்தது. ஆகவே நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி அளவுதான் கடத்த முடியும். பதினாறு தடங்களுள்ள 3060க்கு அதே பலகையில் அதன் இருமடங்கு கிடைக்கும். 170 வாட் எடுக்கும் அந்த அட்டைக்கு உங்கள் 550 வாட் பவர் சப்ளை, அது நல்ல தரமானதாக இருந்தால், போதும்.

கடையில் கேட்கும்போது மாத்திரம் கவனம் தேவை. அதே 3060 என்ற பெயரில் 8 ஜிபி வகை ஒன்றும் பின்னர் வந்தது. அட்டையின் நினைவகத்துக்குத் தரவு போய்வரும் பாதையின் அகலமும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைக்கப்பட்டது. பெட்டியில் 12 ஜிபி என்று அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பின்பே காசைக் கொடுங்கள்.

உவர்மலை வரைஞன்:
நன்றி அண்ணா. ஏஎம்டியின் ரேடியன் 7600 எக்ஸ்டி அட்டை 16 ஜிபியுடன் வருகிறதே, அது பொருந்தாதா? இன்னொன்று, பாவித்த 3060 ஒன்று மிகக் குறைந்த விலையில் விளம்பரத்தில் உள்ளது. புதிதை விடுத்து அதை எடுக்கலாமா?

என்.சி. வீதி:
விளையாட்டு மாத்திரம் என்றால் 7600 எக்ஸ்டியைப் பற்றிப் பேசலாம். அதுவும் எட்டுத் தட அட்டைதான் என்பது ஒருபுறமிருக்க, பிளெண்டரில் என்விடியா அட்டைகளுக்கே உரிய ஆப்டிக்ஸ் என்ற ரெண்டர் வழியே இன்றும் விரைவானது. விளையாட்டுகளில் குறைந்த தெளிவில் வரைந்த படத்தைக் கூர்மையாக்கும் நுட்பமான, 50 வரிசையோடு அறிவித்த டிஎல்எஸ்எஸ் 4இன் மேம்பட்ட படத் தரம் பழைய ஆர்டிஎக்ஸ் அட்டைகளுக்கும் கிடைக்கும் என்று என்விடியா கூறியுள்ளது. அதில் விளையாட்டின் படச்சட்டங்களுக்கு இடையே புதிய சட்டங்களை உருவாக்கும் வசதி மாத்திரம் 3060க்கு இல்லை.

பாலையூற்று:
பாவித்ததைப் பற்றி நான் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னாணயம், அட்டைகளை ஓடவிட்டு நாணயம் ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்டபோது, அதற்காக இரவுபகலாக ஓடிய அட்டைகள் பெருந்தொகையாகப் பழைய சந்தைக்கு வந்தன. 3060களும் அவற்றில் அடக்கம். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய எதிரி உப்புக் காற்று. அட்டையைக் கணினியோடு பிணைக்கும் உலோகத் தகட்டின் திருகுகளில் துரு ஏறியிருக்கிறதா, மின்விசிறிக்குப் பின்னாலுள்ள அலுமினியத் தகடுகளில் வெண்பூச்சுப் படிந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். துருவோ கரிந்த தடமோ இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல கடைகளின் சீட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். எனவே முன்னையவரின் சீட்டைக் காட்டி ஏதும் பெறலாம் என நம்ப வேண்டாம். விற்பவர் வீட்டிலேயே உங்கள் கனமான காட்சி ஒன்றை அரைமணி நேரம் ரெண்டர் செய்ய அனுமதித்தால் யோசிக்கலாம். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

புதிதை வாங்குவதானால், பழுதானால் கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் ரேமை 32 ஜிபி ஆக்குங்கள். அட்டை கைக்கு வரும்வரை, பிளெண்டரின் சிம்ப்ளிஃபை பகுதியில் டெக்ஸ்சர் அளவை 2048 பிக்சலுக்கு மட்டுப்படுத்தி ஓட்டிப் பாருங்கள். நின்றுபோன படங்களில் சில 4 ஜிபியிலேயே முடிந்துவிடக்கூடும்.