வெளிநாட்டு ரயிலில் சலுகை அட்டை: நம்ம பக்கத்து ஆட்களின் அனுபவங்கள்

கீழக்கரை:
இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இருக்கும் தம்பியைப் பார்க்க வாப்பாவையும் உம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். அங்கே 60 வயது ஆனவர்களுக்கு சீனியர் ரயில்கார்டு உண்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று தம்பி சொன்னதை வாப்பா நம்பவே இல்லை. “நம்ம நாட்டிலேயே 2020 மார்ச்சில் மூத்தோர் சலுகையை நிறுத்திட்டாங்க. சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு இவங்க கொடுப்பாங்களா?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ராமநாதபுரம் போய் சேது எக்ஸ்பிரஸ் ஏறும்போதெல்லாம் அவருக்கு அந்த வருத்தம் வரும்.

ஸ்டேஷன் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கி, பிறந்த தேதி மேல் விரலை வைத்துப் பார்த்தார். விசாப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. ஆளுக்கு 35 பவுண்டு, அவ்வளவுதான். 105 பவுண்டுக்கு டிக்கெட் எடுத்தாலே அட்டைக் காசு திரும்பிவிடும். லண்டன், எடின்பரோ என்று போனால் அதெல்லாம் எம்மாத்திரம்! பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெரியவர்கள் தயங்காமல் வாங்குங்கள்.

பாம்பன்:
கீழக்கரை காக்கா, இரண்டு பேரும் எப்போதும் சேர்ந்தே போவதென்றால் ‘டூ டுகெதர்’ அட்டை ஒன்றே போதும். அதே 35 பவுண்டில் இருவருக்கும் சலுகை. 16 வயது ஆனாலே போதும், அதனால் இளம் தம்பதிகளுக்கும் ஆகும். இருவர் படமும் வேண்டும். வார நாட்களில் காலை 9.30க்கு முன்னால் செல்லாது. ஒருவர் தனியாகக் கிளம்பினால் சலுகை கிடையாது.

மண்டபம்:
நான் மான்செஸ்டரில் படிக்கிறேன். 16-25 வயதினருக்கான சலுகை அட்டையை நம் பாஸ்போர்ட் எண்ணை வைத்தே ஆன்லைனில் வாங்கலாம். 25 வயது தாண்டி முழுநேரம் படிப்பவர்களுக்கும் உண்டு, பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும். ஆனால் வார நாட்களில் காலை 4.30 முதல் 10 மணி வரை குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு என்று ஒரு விதி இருக்கிறது. காலை வகுப்புக்குப் பக்கத்து ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அட்டையால் ஒரு பைசா லாபமில்லை. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் அந்த விதி கிடையாது.

அப்புறம், என் அறைத்தோழிக்கு நடந்தது. அட்டை போனில், போனில் சார்ஜ் இல்லை. சலுகை டிக்கெட் தாள் மட்டும் கையில். அட்டையைக் காட்டாவிட்டால் அந்த டிக்கெட் செல்லாது என்று பரிசோதகர் சொல்லிவிட்டார். முழுக் கட்டணத்தையும் கட்டினாள், அந்த வாரச் சாப்பாட்டுக் காசு அது. புதிதாக வரும் பிள்ளைகளே, பவர்பேங்க் இல்லாமல் ரயில் ஏறாதீர்கள்.

ராமேஸ்வரம்:
ஜெர்மனி போகிறவர்களுக்கு: அங்கே ரயில் சலுகை அட்டைக்குப் பெயர் பான்கார்டு (BahnCard, நம்ம வருமானவரி பான் அட்டை இல்லை). 25, 50 சதவீதச் சலுகை தரும் இரண்டு அட்டைகளுமே நாம் ரத்து செய்யாவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பிறகும் பணம் கேட்டுக் கடிதம் வந்தவர்களை எனக்குத் தெரியும். வாங்கிய அன்றே ரத்துக்கான தேதியை போனில் குறித்துவையுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மேயில் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரி முதல் 63. நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாம் அடங்கும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் ஏற முடியாது. மாதச் சந்தா என்பதால், நிறுத்துவதாக இருந்தால் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

தொண்டி:
ஜப்பான் ரயில் பாஸுக்கு பாஸ்போர்ட்டில் ‘தற்காலிக வருகையாளர்’ முத்திரை அவசியம். விமான நிலையத்தில் தானியங்கி வாயில் வழியாகப் போனால் முத்திரை விழாது, ஆள் இருக்கும் வரிசையில் நில்லுங்கள். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. இரண்டு ஊர் மட்டும் பார்ப்பவர்களுக்குத் தனித்தனி டிக்கெட்டே மலிவு.

கீழக்கரை:
பாம்பன் தம்பி சொன்னது நல்ல யோசனை. வாப்பா வெள்ளிக்கிழமை தனியாகக் கிளம்பிவிடுவார், அதனால் எங்களுக்குத் தனி அட்டைதான் சரி. இன்னொன்று, லண்டனில் சீனியர் அட்டையை ஆய்ஸ்டர் கார்டுடன் (முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பயண அட்டை) இணைத்தால் நெரிசல் இல்லாத நேரத்தில் மெட்ரோவிலும் குறையும். ஸ்டேஷன் ஊழியரிடம் கேட்டால் அவரே இணைத்துக் கொடுப்பார்.