ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, டீசல் இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை

கரைகட்டி:
வணக்கம். 30 அடி பாய்மரப் படகு, உள்ளே மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின், பழசுதான். சில மாதம் ஓட்டாமல் கட்டிக் கிடந்தது. போன வாரம் சாவியைத் திருப்பியதும் உடனே பிடித்தது, கொஞ்ச நேரம் ஓடியது, அப்புறம் வேகம் ஏறி இறங்கித் தடுமாறி நின்றுவிட்டது. அதோடு சரி. பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் 10.5க்குக் கீழே இறங்கவில்லை. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கிறது. இரண்டு ஃபில்டரும் புதிது. சுற்றும்போது எக்ஸாஸ்டில் துளி புகை இல்லை. இன்ஜெக்‌ஷன் பம்ப் (சிலிண்டருக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப்) போயிருக்கும், கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். அது பெரிய செலவு, அதற்கு முன் நானே என்ன பார்க்கலாம்?

பில்ஜ்வாசி:
மற்றதெல்லாம் அப்புறம். சுற்றும்போது கடல்நீர் வால்வை மூடி வைத்திருக்கிறீர்களா? இன்ஜின் பிடிக்காவிட்டாலும் தண்ணீர் பம்ப் கூடவே சுற்றிக் கடல்நீரை எக்ஸாஸ்டுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே ஊதித் தள்ளப் புகைதான் இல்லையே. சைலன்சர் பெட்டி நிரம்பினால் அடுத்து எக்ஸாஸ்ட் வழியாகத் திரும்பி சிலிண்டருக்குள்தான் வரும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்‌ஷன் பம்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே முழு இன்ஜினையும் இழந்தவர்கள் உண்டு. வால்வை மூடுங்கள், சைலன்சரில் வடிகால் திருகு இருந்தால் திறந்து வடியுங்கள், இன்ஜின் பிடித்த உடனே வால்வைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பம்பின் உள்ளே சுற்றும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழிந்துவிடும். மறக்காமலிருக்க சாவியை வால்விலேயே மாட்டி வைப்பது நல்ல பழக்கம். ஸ்டார்ட்டரையும் ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் சுற்றாதீர்கள், நடுவில் ஆறவிடுங்கள்.

அலைக்கோடு:
குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்முன் சிலிண்டரைச் சூடாக்குவது) சரியாகச் சூடாகிறதா பாருங்கள். இல்லையென்றால் காற்று நுழையும் வாயில் ஈதர் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் பிடித்துவிடும்.

எண்ணெய்க்கை:
ஈதர் வேண்டாம், தயவுசெய்து. குளோ பிளக் இருக்கும் இன்ஜினில் அது நேரம் தவறிப் பற்றிக்கொள்ளும், பிஸ்டனே உடையலாம்.

குளோ பிளக் பிரச்சினையும் இது இல்லை. அது வேலை செய்யாவிட்டால் டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். இங்கே புகையே இல்லை என்கிறார், அதாவது சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோது வேகம் ஏறி இறங்கி நின்றது என்பதைப் பார்த்தால் எனக்கு இது டீசல் குழாயில் புகுந்த காற்றுதான். பம்ப் அவ்வளவு சுலபத்தில் போகாது.

முதலில் இன்ஜினை நிறுத்தும் லீவரைப் பாருங்கள். கேபிள் துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றிருந்தால் எவ்வளவு சுற்றினாலும் டீசல் போகாது, கையால் தள்ளிப் பார்த்துவிடலாம். மின்சாரத்தில் நிறுத்தும் வகை என்றால் அதற்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் ஏர் எடுங்கள், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். இன்ஜின் மேல் இருக்கும் ஃபில்டரின் ஏர் திருகைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் சின்ன லீவரைக் கையால் அடித்துக்கொண்டே இருங்கள், குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை. லீவர் தொளதொளவென்று ஒன்றும் தள்ளாமல் ஆடினால் ஃபீட் பம்ப் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், அதை இயக்கும் கேம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கிராங்க்கை (இன்ஜினின் முக்கியத் தண்டை) ஒரு சுற்று திருப்பினால் சரியாகும். அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகு. கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தலையில் இருக்கும் குழாய் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுதாக வைத்து, டீசல் பீச்சும்வரை சுற்றிவிட்டு இறுக்குங்கள். அந்தப் பீச்சலுக்கு நேராகக் கையை வைக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது விளையாட்டல்ல.

கரைகட்டி:
நன்றி. வால்வு மூடியிருக்கிறது, சைலன்சரையும் வடித்துவிட்டேன். லீவர் சரியாக நகர்கிறது. ஏர் எடுத்ததும் பிடித்தது! சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அதே மாதிரி தடுமாறி நின்றது. மறுபடி எடுத்தால் மறுபடி குமிழி.

எண்ணெய்க்கை:
அப்போ இன்ஜெக்‌ஷன் பம்ப் தப்பித்தது. எங்கோ காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. டேங்க் இன்ஜினுக்குக் கீழே இருந்தால் ஃபீட் பம்ப் வரையுள்ள குழாய் முழுதும் உறிஞ்சும் பக்கம், அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, ஃபீட் பம்பில் கண்ணாடி மாதிரித் தெரியும் குழாயை மாட்டி, நேரே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். டீசல் திரும்பும் குழாயையும் கேனிலேயே விடுங்கள். ஓடினால் டேங்க் பக்கம் குற்றம், அங்கிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் குழாயைக் கேனுக்கு மாற்றிக்கொண்டே பின்னால் போகலாம்.

பில்ஜ்வாசி:
டேங்கின் காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்தாலும் ஓடி ஓடி நிற்கும். மூடியைத் திறந்து வைத்து ஓட்டினால் தெரிந்துவிடும்.

கரைகட்டி:
கேனில் அரை மணி நேரம் தடுமாறாமல் ஓடியது. மூடியைத் திறந்தும் பார்த்தேன், வித்தியாசமில்லை. டேங்க் வால்வில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாய், கிளாம்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தத் துண்டை மாற்றிவிட்டேன், இப்போது டேங்கிலிருந்தே ஓடுகிறது.

பில்ஜ்வாசி:
நல்லது. ஒரு துண்டு வெடித்திருந்தால் அதே வயதுக் குழாய் மற்ற இடத்திலும் இருக்கும், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், கடல் டீசலுக்கான தீ தாங்கும் ரகமாகப் பார்த்து. இவ்வளவு சுற்றியிருக்கிறீர்கள், டிப்ஸ்டிக்கை எடுத்து இன்ஜின் ஆயிலையும் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அப்படியே ஓட்டாதீர்கள், அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

கரைகட்டி:
பார்த்தாயிற்று, கருப்பாகத்தான் இருக்கிறது. குழாய் முழுதையும் மாற்றப் போகிறேன்.