ஏற்காடு பாலிஹவுஸ்: பைப் படும் கோட்டில் மட்டும் யூவி ஷீட் நொறுங்குவது ஏன்?

மலைத்தோட்டம்:
குடைமிளகாய் பாலிஹவுஸ். கூரைக்கு 200 மைக்ரான் யூவி ஷீட் (வெயில் தாங்க மருந்து கலந்த பாலித்தீன்), மூன்று வருட உத்தரவாதம். இரண்டாம் வருடமே வளைவுப் பைப் படும் இடமெல்லாம் நொறுங்கிக் கிழிகிறது. நடுப்பகுதி நன்றாக இருக்கிறது. சாம்பல் நோய்க்குக் கந்தகம் தெளிக்கிறோம், இரவில் கந்தக ஆவியும் விடுகிறோம். மலை உயரத்தில் யூவி அதிகம், அதனால்தான் என்கிறார் விற்றவர். சரியா?

சேலம்_எக்ஸ்ட்ரூஷன்:
இல்லைங்க. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதா 10 சதவீதம் அளவில்தான் கூடும். அதுதான் காரணம் என்றால் ஷீட் முழுக்கப் போயிருக்க வேண்டும்.

இந்த ஷீட்டை வெயிலிலிருந்து காப்பது பெரும்பாலும் அதில் கலக்கும் ஹால்ஸ் (HALS) எனும் அமீன் வகை வேதிப்பொருள். வெயிலில் பாலிமர் உடைந்து உண்டாகும் ராடிக்கல்களை (மேலும் உடைக்கும் துடிப்பான துகள்களை) பிடித்து அடக்கிவிட்டு, மறுபடி பழைய நிலைக்கே வரும், அதனால்தான் 0.3 சதவீதம்கூட வருடக்கணக்கில் உழைக்கிறது. ஆனால் அது காரத்தன்மை உள்ளது. கந்தகம் ஷீட்டில் படிந்து வெயிலில் அமிலமாக மாறினால் ஹால்ஸ் உப்பாகிவிடும், பிறகு வேலை செய்யாது. குளோரின் உள்ள பூச்சி, நோய் மருந்துகளும் இதையே செய்யும். பைப் கோட்டில் சூடும் சேர்வதால் அங்கே முதலில் தெரிகிறது. நடுப்பகுதியும் பலவீனப்பட்டிருக்கலாம்: இரண்டு இடத்திலும் ஒரே அகலத்தில் துண்டு வெட்டி, கையால் இழுத்துப் புதுத் துண்டோடு ஒப்பிடுங்கள். நீட்சி பாதியாகக் குறைந்திருந்தால் அந்த ஷீட்டின் ஆயுள் முடிந்தது என்றே கணக்கு.

ஜிஐ_ஃபிட்டர்:
மேலே இருப்பவர் சொன்னதோடு இதையும் பாருங்கள். வெயிலில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கை வைக்க முடியாத சூடு ஏறும். துரு இருந்தால் இரும்பே சிதைவைத் தூண்டும். துருவைத் தேய்த்து, ஷீட் படும் மேல்பக்கத்துக்கு மட்டும் வெள்ளை அக்ரிலிக் எமல்ஷன் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் ஷீட் போடுங்கள். தின்னர் கலக்கும் பெயிண்ட் கூடாது. பிவிசி கிளிப்பும் வேண்டாம், அதிலிருந்து குளோரின் வரும்.

மலைத்தோட்டம்:
கந்தகத்தை அடியோடு நிறுத்த வேண்டுமா? புது ஷீட்டுக்கு என்ன கேட்பது?

சேலம்_எக்ஸ்ட்ரூஷன்:
நிறுத்த வேண்டாம், ஆனால் கந்தகத்தை எரிய விடவே கூடாது. ஆவிக்கருவி அதிகம் சூடேறினால் கந்தக டைஆக்சைடு வந்து செடியும் கருகும். தெளிக்கும்போது நுனியைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், கூரை நனையக் கூடாது.

வாங்கும்போது “யூவி போட்டதா” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஹால்ஸ் என்ன வகை, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். மாஸ்டர்பேட்ச் (ஹால்ஸை அடர்த்தியாகக் கலந்த பிளாஸ்டிக் மணிகள்) 3 சதவீதம் என்றால் ஏமாறாதீர்கள்: அதில் ஹால்ஸ் 10 சதவீதம் என்றால் ஷீட்டில் வெறும் 0.3தான். உங்கள் தோட்டத்துக்குக் கந்தகம் தாங்கும் நார்-ஹால்ஸ் (NOR-HALS, காரத்தன்மை குறைந்த ஹால்ஸ்) வகையே வேண்டும். விலை கூடும், ஆனால் கந்தகம் விடும் இடத்தில் வேறு வழி இல்லை. 770 எனும் எண்ணில் விற்பது போன்ற சிறு மூலக்கூறு ஹால்ஸ் மெல்லிய ஷீட்டிலிருந்து வெளியேறிவிடும், தவிருங்கள். ஷீட்டில் சேரும் கந்தகம், குளோரினுக்கான வரம்பு உத்தரவாதத் தாளில் பிபிஎம்-இல் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று) இருக்க வேண்டும். அது எழுதப்படாத தாளை வைத்துக்கொண்டு பிறகு வாதாட முடியாது.