கேஸ் பிளக்கை அடைத்தால் ஆர்1 செமி ஆட்டோ இல்லையா?

வெருலம் மாமா:
இங்கே தென்னாப்பிரிக்காவில், சுட்டுப் பழகும் ரேஞ்சில் ஒரு பையன் அடித்துச் சொல்கிறான்: "பழைய ராணுவ ஆர்1 ரைபிளை வாங்கி, சுடும்போது வர்ற வாயு போற கேஸ் வழியை அடைச்சிட்டா அடுத்த தோட்டா தானா ஏறாது, அது செமி ஆட்டோவே கிடையாது. எப்பவாவது வேட்டைக்கோ போட்டிக்கோ சுடுறவங்களுக்கான பிரிவு 15 லைசென்ஸ்ல வெச்சுக்கலாம்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆர்1 என்பது பெல்ஜியத்து எஃப்.என். ஃபால் ரைபிள், தயாரிப்பு உரிமம் வாங்கி இங்கேயே செய்தது. கேஸ் வழியைத் திறந்து மூடும் அதன் கேஸ் பிளக்கை இந்தக் கையால் திருப்பியிருக்கிறேன். 'ஏ' மேலே இருந்தால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அரை வட்டம் திருப்பி 'ஜிஆர்' மேலே வந்தால், போல்டைப் பின்னால் தள்ளும் பிஸ்டனுக்குக் கேஸ் போகாது. குழல் முனையில் மாட்டிச் சுடும் ரைபிள் கிரனேடு விடுவதற்காக அப்படி வைத்தார்கள். அந்த நிலையில் ஒவ்வொரு தடவையும் இடதுபக்கக் கைப்பிடியை இழுத்துவிட வேண்டும். அதற்காக அதை, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் என்பீர்களா? திரும்பத் திருப்ப முடிகிற வரைக்கும் அது செமி ஆட்டோதான்.

ஸ்டாங்கர் வேட்டைக்காரன்:
மாமா, பிளக்கைத் திருப்பி வெச்சிட்டு லைசென்ஸ் கேட்கலாம்னு யார் சொன்னா? கேஸ் துளையே இல்லாத குழல் போட்டு, பிஸ்டனை எடுத்துட்டு, கேஸ் பிளாக்கை வெல்டு பண்ணுறதைப் பத்தித்தான் பேச்சு. அதுல எதைத் திருப்புவீங்க?

வெருலம் மாமா:
வெல்டை அறுக்க ஒரு கிரைண்டர் போதும். பழைய குழலை மறுபடி மாட்ட எவ்வளவு நேரம்? திருப்ப முடியும் என்றால் முடியும்.

ஸ்டாங்கர் வேட்டைக்காரன்:
தனிக் குழலுக்கும் லைசென்ஸ் வேணும், தெரியும்ல? குழல், ஃபிரேம், போல்ட் ஓடுற உடம்பான ரிசீவர் மூணும் சட்டத்துக்குள்ள வருது. துளை போட்ட குழலை வீட்டுல ஒளிச்சு வெச்சா அதுவே தனிக் குற்றம். குற்றம் பண்ணுவான்னு முன்கூட்டியே சொல்லி நல்ல மனுஷனுக்கு லைசென்ஸ் மறுக்கலாமா?

டோங்காட் 303:
பிரிட்டனைப் பாருங்க. 1987ல ஹங்கர்ஃபோர்டு ஊர்ல ஒருத்தன் சுட்டு அத்தனை பேர் செத்த பிறகு, 1988 சட்டத்துல சின்னத் தோட்டா போடுற .22 ரிம்ஃபயர் தவிர எல்லா செமி ஆட்டோ ரைபிளையும் தடை பண்ணினாங்க. அதே சட்டத்தோட 7ஆம் பிரிவு, ஒரு தடவை தடைப்பட்ட ஆயுதமா இருந்ததை எப்படி மாத்தினாலும் அது தடைப்பட்டதுதான்னு சொல்லுது. அதனாலதான் அங்க போல்டைக் கையால நேரா இழுக்குற ஸ்ட்ரெயிட் புல் ரைபிளைப் புதுசாவே செஞ்சு விக்குறாங்க. எனக்கு இந்தத் தொல்லையே இல்ல. என் .303 லீ என்ஃபீல்டு ரைபிள் பொறக்கும்போதே போல்ட் ஆக்‌ஷன்.

ஸ்டாங்கர் வேட்டைக்காரன்:
ஆரம்பிச்சிட்டாரு. எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில அவரோட 303தான். இது குவாசுலு நட்டால் அண்ணே, லண்டன் இல்ல. இங்க 2000ஆம் வருஷத்து 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதுல 'ஒரு தடவை செமி ஆட்டோ, என்னைக்கும் செமி ஆட்டோ'ன்னு எந்த வரியில இருக்கு? காட்டுங்க.

மெரீபேங்க் அக்கா:
அந்தச் சட்டத்திலேயே செமி ஆட்டோ என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது, யாராவது படித்தீர்களா? தானே தோட்டா ஏற்றிக்கொள்ள வேண்டும், ஆனால் டிரிகரை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டுக்கு மேல் போகக் கூடாது. பிரிவு 15இல், டிரிகரை அழுத்தியபடியே தொடர்ந்து சுடும் ஃபுல் ஆட்டோவோ செமி ஆட்டோவோ அல்லாத ரைபிள் மட்டும்தான். ஆகவே முதலில் பேச வேண்டியது, 'தானே ஏற்றுவது' என்பதை இப்போதைய நிலையை வைத்துப் பார்ப்பதா, செய்த விதத்தை வைத்துப் பார்ப்பதா என்பதுதான்.

வெருலம் மாமா:
அம்மா, விளக்கம் இருக்கட்டும். பிளக் திரும்புமா, திரும்பாதா?

ஸ்டாங்கர் வேட்டைக்காரன்:
பிளக்கே இல்லைங்கிறேன், திரும்பத் திரும்ப பிளக்குங்கிறாரே!

வெருலம் மாமா:
தம்பி, ஆர்1ஐப் படத்தில் பார்த்தவன் நீ. நான் டர்பன் சால்ஸ்பரி தீவில், அன்றைய கடற்படையில் இந்தியர்களுக்கென்று இருந்த எஸ்.ஏ.எஸ். ஜல்சேனாவில் பயிற்சி எடுத்தவன். கண்ணைக் கட்டிக்கொண்டு அதைப் பிரித்து மாட்டுவேன். மேல்மூடியை நழுவவிட்டு, போல்ட் கேரியரை வெளியே இழுத்து, பிளக்கைத் திருகி எடுத்தால் பிஸ்டன் ஸ்பிரிங்கோடு கைக்கு வந்துவிடும். ஒரு தோட்டா முனையைத் தவிர வேறு கருவி வேண்டாம். அவ்வளவு சுலபமாகப் பிரிவதைத்தான் நிரந்தரமாக மாற்றிவிட்டோம் என்கிறீர்கள்.

சாட்ஸ்வர்த் தம்பி:
ஓ, ஜல்சேனாவா! நம்ம ஆளுங்களை டர்பன்ல கேட்டோ மேனர்ல இருந்தும் மேகசின் பாரக்ஸ்ல இருந்தும் விரட்டின நிறவெறி அரசாங்கத்தோட சீருடையை மாட்டிட்டு இருந்ததுக்கு இவ்வளவு பெருமையா மாமா?

வெருலம் மாமா:
வேலை இல்லாத வீட்டில் பிறந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சம்பளத்தில்தான் மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்தேன். சீருடையைப் பற்றி நீ எனக்குச் சொல்லித்தராதே.

சாட்ஸ்வர்த் தம்பி:
எங்க தாத்தாவும் வேலை இல்லாமத்தான் இருந்தாரு. மார்க்கெட்ல மூட்டை தூக்கினாரே தவிர அவங்க துப்பாக்கியைத் தூக்கலை.

டோங்காட் 303:
பேச்சு எங்கேயோ போகுது. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். குழலை மாத்தும்போது துப்பாக்கிப் பதிவாளரோட எழுத்து அனுமதி இல்லாம நீளத்தையோ, காலிபர்ங்கிற குழல் விட்டத்தையோ மாத்தினா 4ஆம் பிரிவுல தடைப்பட்ட ஆயுதமாயிடும். வேட்டைக்காரர் அதையும் கொஞ்சம் படிக்கட்டும்.

ஸ்டாங்கர் வேட்டைக்காரன்:
நீளம் மாறாத குழல், அதே 7.62 காலிபர். படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். நான் வேட்டையாடின இம்பாலா மான் படத்துக்குக் கீழ 'இதைச் சுட்டது நீதானா'ன்னு எழுதினவர் நீங்க. அதை நான் இன்னும் மறக்கலை.

மெரீபேங்க் அக்கா:
உங்கள் இருவருக்கும் அந்த ஆர்1தான் வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறதே. அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் சேர்ந்து தொடர்ந்து வேட்டையாடுபவர் அல்லது போட்டியில் சுடுபவர் என்ற டெடிகேட்டட் தகுதி வாங்கி பிரிவு 16இல் கேளுங்கள். சேகரிப்பாளர் என்றால் பிரிவு 17. செமி ஆட்டோவை செமி ஆட்டோ என்றே சொல்லிக் கேட்கலாம். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பன் பீனிக்ஸ் பகுதியில் எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று பார்த்த பிறகும் குறுக்குவழியில் துப்பாக்கி வாங்குவதைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேச உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

ஸ்டாங்கர் வேட்டைக்காரன்:
குறுக்குவழியா? லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கான கன்ஸ்மித்துகிட்ட வேலை செஞ்சு, பிரிட்டோரியாவுக்குத் தாள் அனுப்பி, மாசக்கணக்கா காத்திருக்கிறதா குறுக்குவழி? பீனிக்ஸை இங்க இழுக்காதீங்க அக்கா. அந்த வாரம் எங்க தெருவுக்குப் போலீஸ் வரவே இல்லை.

மெரீபேங்க் அக்கா:
இழுப்பேன். செத்தவர்கள் வீடுகளில் இன்னும் அழுகிறார்கள்.

வெருலம் மாமா:
எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள், நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ரிசீவர் அதே ரிசீவர். கேஸால் பின்னால் தள்ளப்படுவதற்கென்றே செய்த கேரியர் உள்ளே அப்படியே கிடக்கிறது. வழியை இன்று அடைத்தவன் நாளைக்குத் திறப்பான். ஆர்1 ஆர்1தான்.

ஸ்டாங்கர் வேட்டைக்காரன்:
சரி, வழி அடைச்ச ஆர்1ஐ ரேஞ்சுக்குக் கொண்டுவரேன். இரண்டாவது குண்டு கையால இழுக்காம தானா ஏறுதான்னு எல்லார் முன்னாடியும் சுட்டுக் காட்டுங்க.

வெருலம் மாமா:
முதலில் லைசென்ஸைக் கொண்டு வா. எந்தப் பிரிவில் கொடுத்தார்கள் என்று படித்துக்கொள்கிறேன்.

சாட்ஸ்வர்த் தம்பி:
மாமா, என் கேள்விக்கு இன்னும் பதில் வரலை.