மாரக்காய்போவிலிருந்து ஹென்றி மோர்கன் தப்பியது எப்படி?

கேள்வி: 1669இல் மூன்று ஸ்பானியப் போர்க்கப்பல்கள் வெனிசுலாவின் மாரக்காய்போ ஏரியின் வாயை அடைத்து நின்றன. உள்ளே மாட்டிக்கொண்ட கடற்கொள்ளைத் தலைவர் மோர்கன் எப்படி வெளியேறினார்?

பதில்: இந்தக் கட்டத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. மோர்கனின் ஆட்கள் ஒரு கப்பலில் தாரும் வெடிமருந்தும் நிரப்பினார்கள். மரக்கட்டைகளுக்குத் தொப்பி மாட்டித் தளத்தில் நிறுத்தினார்கள். தூரத்துக்கு அவை மாலுமிகள்! அந்தக் கப்பல் ஸ்பானியரின் தலைமைக் கப்பலான மக்தலேனாவில் மோதி, இரண்டும் பற்றி எரிந்தன.

கேட்டவர்: ஏரி வாயைக் காத்த ஸ்பானியக் கோட்டையின் பீரங்கிகள்?

பதில்: படகுகளில் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கரைக்குப் போனார்கள், படகு காலியாகத் தெரியும்படி படுத்தபடி திரும்பினார்கள். தரைவழித் தாக்குதல் என்று நம்பிய ஸ்பானியர் பீரங்கிகளை நிலப்பக்கம் திருப்ப, கப்பல்கள் இரவோடிரவாக நழுவின.

இன்னொருவர்: திறமைதான். ஆனால் முந்தைய ஆண்டு பனாமாவின் போர்ட்டோபெலோ நகரைக் கொளுத்தாமலிருக்க 1,00,000 பெசோ பறித்தவர். அவருக்கு 1674இல் சர் பட்டம் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.