அப்பா கட்டி ரிப்போர்ட்டில் இரண்டு புரதம் 'இல்லை': கீமோ ஏன் வேண்டாம்?

பாலக்கோட்டுக்காரன்:
அப்பாவுக்கு 48 வயசு, தக்காளி மண்டி வேலை. ரத்தசோகைன்னு தேடப்போய் வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் ஆச்சு, இரண்டாம் நிலை. திசு ரிப்போர்ட்டில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 'இல்லை'. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 'இருக்கு'. கீமோ வேண்டாம்ங்கிறார் டாக்டர். கைவிட்டுட்டாங்களோன்னு அம்மா அழுறாங்க. பெரியப்பாவும் குடல் கேன்சரில்தான் போனார்.

ஓசூர் லேப் அக்கா:
கைவிடலை தம்பி, இதை முதல்ல அம்மாகிட்ட சொல்லு. அந்த நாலும் டிஎன்ஏவில் விழும் எழுத்துப் பிழையைத் திருத்தும் புரதங்கள். எம்எல்எச்1 போனா ஜோடி பிஎம்எஸ்2-ம் நிலைக்காது. இரண்டாம் நிலையில் இப்படி இருந்தா நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. 5-எஃப்யூங்கிற கீமோ மருந்து மட்டும் கொடுத்துப் பலனில்லை. அடுத்து கட்டியில் பிராஃப் வி600இ டெஸ்ட் கேளு, பிராஃப் மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கான்னு பார்க்கறது. அந்த மாற்றம் இருந்தா பரம்பரையா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. இல்லைன்னா மெத்திலேஷன் டெஸ்ட் (கட்டியில் எம்எல்எச்1 மரபணு அணைஞ்சு கிடக்கான்னு பார்க்கறது), ரத்தத்தில் மரபணு டெஸ்ட். பெரியப்பா விஷயம் கேட்டதும் எனக்கு லிஞ்ச் நோய்க்குறி, அதாவது குடல் கேன்சர் பரம்பரையா வரும் நிலை, சந்தேகம்தான். கட்டித் திசுவை மெழுகில் பதிச்சு வெச்ச பாரஃபின் பிளாக்கைத் தொலைச்சுடாதே.

காவேரிப்பட்டினம்:
எங்க சித்திக்கு இதே ரிசல்ட், ஆனா நாலாம் நிலை. பெம்ப்ரோலிசுமாப்ங்கிற எதிர்ப்புசக்தியைத் தூண்டும் மருந்து போடறாங்க, கட்டி சுருங்கியிருக்கு. விலைதான் தாங்கலை.

பாலக்கோட்டுக்காரன்:
எனக்கு 24, அக்கா. நானும் பார்க்கணுமா?

ஓசூர் லேப் அக்கா:
அப்பா ரத்தத்தில் லிஞ்ச் உறுதியானா உனக்கும் அதே மரபணு மாற்றம் இருக்கான்னு பார்க்கணும். உனக்கும் இருந்தா இப்பவே கொலோனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டு குடலைப் பார்க்கறது), ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பெரியப்பா பிள்ளைங்களுக்கும் சொல்லிடு.